அ முதல் வ வரை

தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி, "இன்னிக்கு வேலைக்கு வந்தவங்க லிஸ்ட் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். லிஸ்ட் என்னிடம்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு பெயர் இல்லை என்பது எனக்குத் தெரியவர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

இதைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் நெருப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கே பிடித்தது, எவ்வளவு சத்தம், எத்தனை பேருக்குக் காயம். எனக்கு முதலில் சொல்ல வேண்டியிருப்பது, ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் நான் எழுதிவைத்திருந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி.

நான் விருதுநகர்க்காரி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஏழு வருடம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் செய்தேன். பிறகு ஆமத்தூரைத் தாண்டி இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சகத்தில் இருந்தபோதே, எடிட்டரில் தேடும் கட்டத்துக்குள் வெறும் சொல்லை மட்டுமல்ல, ஒரு வகையையே தேடலாம் என்று கற்றுக்கொண்டிருந்தேன். சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்தை எழுதி நடுவில் ஒரு சிறு கோடு போட்டால், இதிலிருந்து அதுவரை உள்ள ஏதாவது ஓர் எழுத்து என்று அர்த்தம். 0-9 என்று போட்டால் எந்த இலக்கமானாலும் பிடிக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எடிட்டருக்கு நம் அரிச்சுவடி தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் உண்டு. அந்த எண் வரிசைதான் அதற்குத் தெரியும். அச்சகத்தில் ஒருமுறை, தமிழும் ஆங்கிலமும் கலந்த விலைப்பட்டியலில் ஆங்கில எழுத்துகளை மட்டும் நீக்க [A-z] என்று போட்டேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் அதில் அடங்கிவிடும் என்று நினைப்பு. பெரிய Z-க்கும் சிறிய a-வுக்கும் நடுவில் அடிக்கோடு, சதுர அடைப்புக்குறி என்று ஆறு குறிகள் இருப்பது தெரியாது. பட்டியலில் இருந்த அடைப்புக்குறிகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. புரூப் பார்த்தவர் கண்டுபிடித்ததால் தப்பித்தேன். அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தேன்.

கம்பெனியில் விரல் வைக்கும் வருகை மெஷின் இருந்தது. அதோடு வந்த சாப்ட்வேரில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் மெஷினிலிருந்து வெறும் எழுத்துக் கோப்பாக எடுத்து எடிட்டரில் திறப்பேன். ஒரு வரிக்கு ஓர் ஆள்: டோக்கன் எண், பெயர், வந்த நேரம், ஷெட் எண். இடையிடையே மெஷின் தன் பாட்டுக்கு ஆங்கிலத்தில் எழுதும் வரிகளும் இருக்கும். பட்டாசு மருந்தில் புழங்கிப் புழங்கி ரேகை தேய்ந்த விரல்களை அது சட்டென்று ஏற்காது. அப்போதெல்லாம் ஆங்கிலத்தில் 'தெரியாதவர்' என்று ஒரு வரி விழும். நான் எண்ணுக்குப் பிறகு தமிழ் எழுத்து வரும் வரிகளை மட்டும் பிடித்து, காலை பதினொரு மணிக்குள் போர்மேனுக்கும் மேனேஜருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

முதல் தடவை [அ-ன] என்று போட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை அதுதானே. அ-வில் தொடங்கி ன-வில் முடியும். வந்த லிஸ்டில் பாதிக் கம்பெனியைக் காணோம். ப, ம, ர, வ என்று தொடங்கும் ஒரு பெயரும் இல்லை. எழுத்தட்டவணையை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கம்ப்யூட்டரில் ன, ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. ற, ர-வை ஒட்டி இருக்கிறது. ல, ள, ழ வந்து, அதற்கப்புறம் வ. தமிழ் எழுத்தில் கடைசி வ-தான். அதனால் [அ-வ] என்று மாற்றினேன். எல்லாப் பெயரும் வந்தது. அதையே ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு தினமும் ஒட்டினேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த அட்டவணையில் வ-வுக்குப் பிறகு ஷ, ஸ, ஹ இருந்ததை என் கண் பார்த்தது. நம் கம்பெனியில் அப்படி யார் பெயர் இருக்கிறது என்று நினைத்து மூடிவிட்டேன். பத்து மாதம் வரை அந்த நினைப்பு சரியாகத்தான் இருந்தது.

தீபாவளி சீசனுக்கு ஆள் எடுக்கும் நேரம் அது. ஒரு திங்கட்கிழமை காலை ஆனைக்குட்டம் பக்கமிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஆதார் நகலை என் மேசையில் வைத்தாள். அதில் பெயரின் முதல் எழுத்து ஸ. அவள் சொன்னபோது 'ச' என்றுதான் காதில் விழுந்தது.

"ஆதார்ல ஸ போட்டிருக்கே, அப்படியே அடிக்கவா?" என்று கேட்டேன்.

"அதுல உள்ளபடியே போட்ருங்கக்கா. பேரு மாறிக் கெடந்தா இ.எஸ்.ஐ. ஆபீசுல திருப்பி அனுப்பிருதாக. எங்க வீட்டுக்காரரு அலையா அலைஞ்சாரு."

அப்படியே அடித்தேன். ஷிப்ட் கீயை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடித்தேன். அவளுக்கு டோக்கன் கொடுத்துப் பதினான்காம் ஷெட்டுக்கு அனுப்பினேன். பின்பக்கக் கடைசி ஷெட்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு வெளிச்சம்தான் முதலில் தெரிந்தது. ஆபீஸ் ஜன்னல் வழியே சுவரெல்லாம் மஞ்சளாகி, நான் தலையைத் தூக்குவதற்குள் சத்தம் வந்தது. சரக்கு காயப்போட்டிருந்த மேடையில் தீ பிடித்துக்கொண்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில் தானாக உருண்டு விழுந்தது. எனக்குள் ஏதோ ஒன்று மடிக்கணினியை வாரி எடுக்கச் சொன்னது. பையை விட்டுவிட்டு அதை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினேன்.

ஷெட்டுகளுக்கு எல்லாப் பக்கமும் வாசல் இருக்கும். சத்தம் கேட்டால் செருப்பைக்கூடத் தேடாமல் எந்த வாசல் பக்கமோ அந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள். அப்படியே ஓடினார்கள். பாதிப் பேர் கேட் பக்கம் வந்தார்கள். மீதிப் பேர் பின்வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போய், சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். சேலைக்கு மேல் போட்ட காட்டன் சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. ஒரு பெரியம்மாவுக்கு மட்டும் கையில் நன்றாகச் சுட்டிருந்தது. பக்கத்துக் கம்பெனிக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் புதுப்பெண்ணோடு பதினான்காம் ஷெட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போது யார் நினைவிலும் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி கேட்டார். நான் கோப்பைத் திறந்து, [அ-வ] வரியை ஒட்டி, பிடிபட்ட வரிகளை நகலெடுத்துப் போர்மேன் செல்லுக்கு அனுப்பினேன். எண்பத்து மூன்று பேர் என்று எடிட்டர் காட்டியது. "எண்பத்து மூணு சார்," என்று சொன்னேன். என் குரலில் சந்தேகமே இல்லை.

போர்மேன் ரோட்டோரப் பாலக்கட்டையில் ஏறி நின்று பெயர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல். குரல் வராத இடத்தில் எல்லார் கழுத்தும் திரும்பும். யாராவது, "அந்தா ஒக்காந்திருக்கா அண்ணே, தண்ணி குடிக்கா," என்பார்கள். மூன்று பெயருக்குப் பதில் வரவில்லை. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன பெரியம்மா. மற்ற இருவரும் காட்டு வழியாக நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போனில் தெரிந்தது. கடைசிப் பெயரையும் டிக் போட்டபோது மணி பன்னிரண்டு.

"எண்பத்து மூணும் வெளிய வந்தாச்சு சார்," என்றார் போர்மேன். கூட்டத்தில் சில பெண்கள் அழுதுவிட்டார்கள். மேனேஜர் கையெடுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதிகாரி தன் ஆட்களைப் பின்பக்கத்துக்கு அனுப்பாமல், சரக்கு அறைக்குத் தீ தாவாதபடி தண்ணீர் அடிக்கச் சொன்னார். உள்ளே ஆள் இல்லாதபோது வெடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குள் எதற்காக ஆளை அனுப்ப வேண்டும்? எண்பத்து மூன்று என்று நான் சொன்ன சொல்லை வைத்துத்தான் அவர் அந்த முடிவை எடுத்தார். கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின.

முக்கால் மணி நேரம் கழித்து ஒருவன் மொபெட்டை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். சிவகாசியில் பேப்பர் குடோனில் லோடு ஏற்றுகிறவன் என்று பிறகு தெரிந்தது. சட்டை முழுக்கத் தாள் தூசி.

"அண்ணாச்சி, எம் பொண்டாட்டிய எங்கனயும் காணோம். வேன்ல வந்தவுகள எல்லாம் கேட்டுட்டேன். யாரும் பாக்கலங்காக."

போர்மேன் செல்லைத் திறந்தார். "பேரு என்னப்பா?"

அவன் சொன்னான். ச-வில் தொடங்கும் பெயராகத்தான் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. போர்மேன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இந்தப் பேரு லிஸ்டுல இல்லியே. இன்னிக்கு வரலபோல இருக்கு. வேற எங்கயும் போயிருப்பா, நல்லா விசாரி."

"காலையில வேன் ஏத்திவிட்டதே நான்தான் அண்ணாச்சி!"

"வேன்ல ஏறுனா உள்ள வந்துட்டான்னு அர்த்தமா? லிஸ்டுல உள்ள அம்புட்டு பேரும் வந்தாச்சு, கேட்டியா?"

அவன் செல்லை எடுத்து அழுத்தினான். எங்களுக்குப் பின்னால், செக்யூரிட்டி அறைக்குள் ஒரு செல் அடித்தது.

கம்பெனிக்குள் செல் கொண்டுபோகக் கூடாது. வரும்போது செக்யூரிட்டியிடம் கொடுத்து மரத்தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊருக்குப் போனவர்கள் அவரவர் செல்லை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சிலருடையது மட்டும் அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. அதில் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் தன் செல்லைக் காதிலிருந்து எடுத்து அணைத்தான். உள்ளே சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி அடித்தது.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மடிக்கணினியை மறுபடி திறந்தேன். பேட்டரி குறைந்துவிட்டதாக மூலையில் சிவப்பாகக் காட்டியது. லிஸ்டில் ச-வில் தேடினேன். ச-வில் ஆறு பேர். அவள் இல்லை. ஒருவேளை உண்மையிலேயே உள்ளே வராமல், செல்லை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு எங்காவது போயிருப்பாளோ என்று நானும் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு அந்த ஆதார் நகல் ஞாபகம் வந்தது. ஷிப்டை அழுத்தி நான் அடித்த எழுத்து.

மெஷினிலிருந்து எடுத்த மூலக் கோப்பைத் திறந்து ஸ என்று தேடினேன். நேராக அந்த வரியில் போய் நின்றது. டோக்கன் எண், பெயர், காலை ஏழு ஐம்பத்திரண்டு, ஷெட் பதினான்கு. அவள் வந்திருந்தாள். மெஷின் அவளை எழுதி வைத்திருந்தது. வ-வில் கோடு போட்டு நிறுத்தியவள் நான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் பெயர் என் லிஸ்டில் வந்திருக்காது. சம்பளக் கணக்கு மெஷினிலிருந்தே நேராகப் போவதால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

மேனேஜரின் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினேன். அவர் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, லிஸ்ட்ல தப்புன்னு இப்பச் சொல்லாதீக. அந்தப் பையன் நிக்கான். ஒருத்தர் பாக்கின்னு மட்டும் சொல்வோம்," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் ஒருத்தர் பாக்கி என்று மட்டும் சொன்னால், அந்த ஒருத்தர் எப்படி விட்டுப்போனார், இன்னும் எத்தனை பேர் அப்படி விட்டுப்போயிருக்கிறார்கள் என்று அதிகாரி எப்படித் தெரிந்துகொள்வார்? அவரிடம் ஓடினேன்.

"சார், நான் குடுத்த லிஸ்ட் தப்பு. எண்பத்து நாலு பேரு. ஒரு பொண்ணு விட்டுப்போச்சு. பதினாலாம் நம்பர் ஷெட். பின்பக்கம்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒருத்தர் மட்டுந்தானா? நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார்.

காலையில் போல உடனே ஓர் எண்ணைச் சொல்லவில்லை. "அஞ்சு நிமிஷம் குடுங்க சார். முழுசாப் பாத்துச் சொல்றேன்," என்றேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. நான்கு பேரைக் கூப்பிட்டுப் பின்வேலி வழியாகப் போகச் சொன்னார். அவள் கணவனும் பின்னால் ஓடினான். தடுத்தவர்களை உதறிவிட்டு ஓடினான்.

நானும் போர்மேனும் பாலக்கட்டையில் உட்கார்ந்தோம். இந்த முறை எந்த வகைத் தேடலையும் நான் தொடவில்லை. மூலக் கோப்பை முதல் வரியிலிருந்து கண்ணால் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தன் செல்லில் டிக் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னார். "இருக்கு. இருக்கு. இருக்கு." நடுவில் மூன்று 'தெரியாதவர்' வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நிறுத்தினேன். தினமும் நான் குப்பை என்று ஒதுக்கிய வரிகள் அவை. நேரத்தைப் பார்த்தேன். முதல் இரண்டுக்கும் அடுத்த சில நொடியிலேயே ஒரு பெயர் பதிவாகியிருந்தது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தவர்கள். மூன்றாவதற்குப் பின்னால் இரண்டு நிமிடம் எந்தப் பதிவும் இல்லை.

"இது யாரு அண்ணே? எட்டே காலுக்கு."

போர்மேன் கண்ணை மூடி யோசித்தார். "எட்டே கால்... எட்டே கால்... நான்தாம்மா அது! கையில பசை ஒட்டியிருந்துச்சு. கழுவிட்டு வந்து வச்சேன்." இரண்டு நிமிடம் தள்ளி அவர் பெயர் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடைசி வரி வரைக்கும் வாசித்தோம். எண்பத்து நான்கு. அவள் ஒருத்திதான்.

"அவள பதினாலுக்கு இன்னிக்குக் காலையிலகூட நான்தான் போகச் சொன்னேன்," என்றார் போர்மேன். "பேரு பேரா வாசிச்சேனே, அவ மொகம் மனசுல வரவே இல்ல பாத்துக்க. லிஸ்டப் பாத்தேன், ஆளப் பாக்கல." அவர் அழுதார். ஐம்பது வயது ஆள், தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அதிகாரியிடம் போய், "ஒருத்தர்தான் சார். நிச்சயம்," என்று சொல்லிவிட்டு வேலிப் பக்கம் நடந்தேன்.

பதினான்காம் ஷெட்டில் கூரை இல்லை. ஒரு சுவர் சாய்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று தீயணைப்பு வீரர் ஒருவர் கைகாட்டினார். அந்தக் கைகாட்டலை நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதா கெட்ட சேதியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காட்டுக்குள் அவள் கணவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாங்களும் கூப்பிட்டோம். கூப்பிட்டுவிட்டு எல்லாரும் அசையாமல் நிற்போம். கம்பெனிப் பக்கம் ஏதாவது படபடவென்று வெடிக்கும். வேறு சத்தம் இல்லை. இத்தனை பேர் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வேலியிலிருந்து நூறடி தள்ளி, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பழைய குழி ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். சுற்றிலும் கருவேலம் மூடி, கிட்டத்தில் போனால்தான் தெரியும். ஒரு வீரர் விளிம்பில் நின்று, "இங்க! இங்க!" என்று கத்தினார்.

அவள் குழிக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வேறு பக்கம் மடங்கியிருந்தது. முகமெல்லாம் முள் கீறல். கண் திறந்திருந்தது. நாங்கள் விளிம்பில் நின்று கூப்பிடுகிறோம், அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உயிர் இல்லை என்றே நினைத்துவிட்டேன். அவள் கணவன் உள்ளே குதித்தான். அவன் நிழல் மேலே விழுந்ததும்தான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். பெரிய சத்தத்தில் அவள் இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தது. நாங்கள் கூப்பிட்ட எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. அது எங்களுக்கும் கேட்கவில்லை.

கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். மணி இரண்டை நெருங்கியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறாள்.

மறுநாள் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லாரிடமும் எழுதி வாங்கினார்கள். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆள்தான் கெடச்சாச்சே. தீக்கும் உங்க லிஸ்டுக்கும் என்ன சம்பந்தம்? எதுக்கு அதைப் போயி எழுதுதீக?" என்றார். நான் எழுதினேன். எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை போட்டிருந்தேன், எது விட்டுப்போனது, அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது வரை. வாங்கிய அதிகாரி இரண்டு முறை படித்தார். "இந்த அ-வ சமாச்சாரம் எனக்குப் புரியல. ஆனா கையெழுத்துப் போடுங்க," என்றார்.

நான்காம் நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் மாவுக்கட்டு, இரண்டு காதிலும் பஞ்சு. அவள் கணவன் கட்டிலருகே நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"அக்கா, நீங்க சத்தமாப் பேசுனாலும் எனக்குக் கேக்காது. எழுதிக் காமிங்க," என்று அவள் உரக்கச் சொன்னாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். 'உன் பேரு மெஷின்ல இருந்துச்சு. நான் லிஸ்ட் எடுத்ததுல என் தப்பால விட்டுப்போச்சு. எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். அதனால உன்னைத் தேடல.'

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நிதானமாகப் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

"எம்புட்டு நேரம் தேடலக்கா?"

'ரெண்டு மணி நேரம்' என்று எழுதினேன்.

"காதுதான் கேக்கலையே, தரையில கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். வண்டி போற அதிர்வு வந்துச்சு. ஒண்ணு போச்சு, பெறகு இன்னொண்ணு, இன்னொண்ணு. என்னயத்தான் தேடுதாகன்னு நெனச்சேன்."

அது மற்றவர்களை ஊருக்கு ஏற்றிப்போன வேன்கள். நான் அதை எழுதவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து அதையும் தெரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். டம்ளரில் ஊற்றி எடுத்தேன். அதற்குள் அவள் கணவன் வந்து, என் கையிலிருந்து டம்ளரை வாங்கித் தானே குடிக்கக் கொடுத்தான். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

கம்பெனி சில வாரம் மூடியிருந்து திறந்தது. இப்போது என் கோப்பில் [ஃ-ஹ] என்று, எழுத்தட்டவணையின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இருக்கிறது. அது முழுதாகப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பிடிபட்ட வரிகளை அனுப்புவதற்கு முன்னால் பிடிபடாத வரிகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகிறது. மேனேஜர் ஒருநாளும் ஏன் தாமதம் என்று கேட்டதில்லை. போர்மேன் தன் பங்குக்கு ஒரு நோட்டு வாங்கி, காலையில் ஷெட் ஷெட்டாகப் போய் ஆளைப் பார்த்து எழுதுகிறார்.

அவளுக்கு வலது காது முக்கால்வாசி திரும்பிவிட்டது. இடது காது வரவில்லை. பட்டாசு வேலைக்குத் திரும்பவில்லை; சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் பஸ்ஸில் பார்த்தேன். கூட்டம். நான் அவள் இடப்பக்கம் நின்றுகொண்டு ஏதோ கேட்டேன். அவள் உடம்பைத் திருப்பி, "இந்தப் பக்கம் வாங்கக்கா, அந்தக் காதுல ஒண்ணும் விழாது," என்றாள். கம்பியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். மழை நாளில் வலிக்கும் என்றாள். அவள் கணவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காக," என்றாள். கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மேல உள்ள கோவம் அவுகளுக்கு இன்னும் போகலக்கா," என்றாள்.

"ஒனக்கு?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. படிக்கட்டில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினாள். பஸ் கிளம்பியது.